நடிகர் கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருக்கும்போது

சாதாரண நாடகத்தில் இருட்டு நமக்குக் காவல். மேடையில் என்ன நடந்தாலும் நாற்காலிக்குள் ஒளிந்துகொள்ளலாம். கொட்டாவி விடலாம், மனசு எங்கேயோ போய்விட்டுத் திரும்பி வரலாம், யாருக்கும் தெரியாது. பார்வையாளரையும் கதைக்குள்ளேயே இழுத்துக்கொள்ளும், பத்துப் பன்னிரண்டு பேருக்காக மட்டும் நடத்தப்படும் இம்மெர்சிவ் தியேட்டரில் அந்த வசதி கிடையாது. நாற்காலி இல்லை, மேடை இல்லை, சில நேரம் பக்கத்தில் இன்னொரு பார்வையாளரும் இல்லை. ஓர் அறை, ஒரு மேசை விளக்கு, எதிரே ஒரு பெண். உங்கள் கண்ணைப் பார்த்து, "நேத்து ராத்திரி தூங்குனீங்களா?" என்று கேட்டுவிட்டுக் காத்திருக்கிறார்.

அந்த மூன்று விநாடியில் முதன்முறை போகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்வார்கள். சிரித்து மழுப்புவார்கள், அல்லது தாங்களும் நடிக்கத் தொடங்கிவிடுவார்கள். இரண்டும் வேலைக்கு ஆகாது. உங்களிடம் யாரும் நடிப்பை எதிர்பார்க்கவில்லை, பதிலைத்தான் எதிர்பார்க்கிறார்கள். "சரியா தூக்கம் இல்லை" என்று சொன்னால் போதும், காட்சி நகர்ந்துவிடும். இந்தச் சின்ன விஷயத்தை நிதானமாகச் செய்யத்தான் இவ்வளவு நீளப் பதிவு.

(தமிழில் இதற்கு என்ன பேர் வைத்தாலும் இன்னும் வாயில் ஒட்டவில்லை. ஆகவே இம்மெர்சிவ் என்றே எழுதுகிறேன்.)

எந்த வகை என்று பார்த்துவிட்டு டிக்கெட் வாங்குங்கள்

ஒரே பெயரில் நாலைந்து வேறு வேறு வகைகள் உலவுகின்றன. ஒன்றில் நல்ல பழக்கம் என்பது இன்னொன்றில் தொந்தரவு.

பிரிட்டனின் பஞ்ச்டிரங்க் குழு நியூயார்க்கில் 2011 முதல் 2025 தொடக்கம் வரை நடத்திய 'ஸ்லீப் நோ மோர்' முதல் வகைக்கு உதாரணம். மக்பெத் கதை, பல மாடிக் கட்டடம், பார்வையாளர்களுக்கு வெள்ளை முகமூடி. யாரை வேண்டுமானாலும் பின்தொடரலாம், எந்த அறையிலும் நுழையலாம், ஆனால் பேசக் கூடாது. ஒரு மணி நேரக் கதை ஒரே இரவில் மூன்று முறை சுற்றும்.

இரண்டாவது வகைக்கு, அதே நகரில் தேர்ட் ரெயில் புராஜெக்ட்ஸ் குழு 2012 முதல் 2020 வரை நடத்திய 'தென் ஷி ஃபெல்'. ஒரு காட்சிக்கு 15 பார்வையாளர்கள் மட்டும். முகமூடி கிடையாது. நடிகர்களே கைப்பிடியாக அழைத்துப்போய் ஒருவர், இருவர் என்று பிரித்துத் தனித்தனி அறைகளில் காட்சி நடத்துவார்கள். நடிகர் பேசினால் நீங்களும் பேசலாம். முதல் வகையில் ஊறியவர் இங்கே வந்து கல்லாகச் சமைந்து நின்றால் காட்சி தொங்கிப்போகும். இங்கே பழகியவர் அங்கே போய் வாய் திறந்தால் பணியாளர் வந்து தோளைத் தட்டுவார்.

மூன்றாவது, ஒரே ஒரு பார்வையாளருக்கான நிகழ்வு. பெல்ஜியத்தின் ஒன்ட்ரூரென்ட் ஹூட் குழுவின் 'தி ஸ்மைல் ஆஃப் யுவர் ஃபேஸ்' நாடகத்தில் பார்வையாளரின் கண்ணைக் கட்டி, கையைக் கட்டி, சக்கர நாற்காலியில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போவார்கள். மற்ற வகைகளில் கால் போகிற போக்கில் தப்பித்துவிடலாம், இதில் முடியாது. டிக்கெட் வாங்கும்போதே மனசைக் கேட்டுக்கொள்ள வேண்டிய வகை.

நான்காவது, காதில் குரல் வழிநடத்தும் நிகழ்வு. ஜெர்மனியின் ரிமினி புரோட்டோகோல் குழு 2005-ல் செய்த 'கால் கட்டா' இதற்கு அழகான முன்மாதிரி. பெர்லின் தெருவில் நடக்கும் பார்வையாளரிடம் கொல்கத்தாவின் கால்சென்டரில் இருக்கும் ஒருவர் போனில் பேசி வழிகாட்டுவார். இந்த வகையில் கதையைவிட முக்கியம் சாலை. குரல் "இப்போ கடந்து போங்க" என்றாலும் வண்டி வருகிறதா என்று பார்க்க வேண்டியது நீங்கள்தான். குரலுக்குச் சிக்னல் தெரியாது.

பிரேசிலின் அகஸ்டோ போவால் உருவாக்கிய ஃபோரம் தியேட்டரையும் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள். அங்கே பார்வையாளர் "நிறுத்து" என்று சொல்லிவிட்டு மேடையேறி, ஒரு பாத்திரத்தின் இடத்தை எடுத்துக்கொண்டு கதையை மாற்றிப் பார்க்கலாம், அதற்காகவே அந்த வடிவம். இம்மெர்சிவில் கதையை மாற்றும் உரிமை அநேகமாக உங்களிடம் இருக்காது. வழி மாறலாம், நீங்கள் பார்க்கும் காட்சி மாறலாம், முடிவு மாறாது. இது தெரியாமல் போகிறவர்கள்தான் கொலையைத் தடுக்கப் பாய்கிறார்கள்.

சின்ன நிகழ்வின் உள்கணக்கு

உள்ளே நடக்கும் பல விஷயங்கள் ஏன் அப்படி என்பதற்கு விடை கலையில் இல்லை, நேரக் கணக்கில் இருக்கிறது. ஒரு மாதிரிக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 12 பார்வையாளர், 4 அறை, அறைக்கு 3 பேர். ஒரு காட்சி 12 நிமிடம் என்றால் நான்கு குழுவும் நான்கு அறையைச் சுற்றி வர 48 நிமிடம். எல்லோரும் ஒன்றாக இருக்கும் தொடக்கத்துக்கு 8, முடிவுக்கு 10. மொத்தம் 66 நிமிடம். ஓர் அறையில் காட்சி 2 நிமிடம் இழுத்தாலும் அடுத்த குழு கதவுக்கு வெளியே வெறும் நடைபாதையில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கும். அங்கே கதை இல்லை, அந்த 2 நிமிடத்தில் எல்லாம் கலைந்துவிடும்.

இதைத் தவிர்க்கத்தான் பல நிகழ்வுகளில் கட்டடம் முழுக்க ஒரே ஒலித்தடம் ஓடுகிறது. தூரத்து ரயில், மணியோசை, ராகம் மாறும் இடம் எல்லாம் உங்களுக்குச் சூழல், நடிகருக்குக் கடிகாரம். நீங்கள் மனம் விட்டுப் பேசிக்கொண்டிருக்கும்போதே நடிகை எழுந்து "கிளம்பணும்" என்றால் அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ரயில் போய்விட்டது.

தாமதமாக வருபவரைப் பல சின்ன நிகழ்வுகள் உள்ளே விடாததும் இதே கணக்கால்தான். 3 பேர் குழுவில் 2 பேர் பிந்தினால் அந்தக் குழுவே இல்லை. டிக்கெட்டில் இரண்டு நேரம் போட்டிருந்தால், வரவேண்டிய நேரம் ஒன்று, தொடங்கும் நேரம் ஒன்று. இரண்டுக்கும் நடுவில்தான் பை ஒப்படைப்பு, போனை உறையில் போட்டு மூடுவது, விதிகள் சொல்வது எல்லாம் நடக்கும். 20 நிமிடம் முன்னதாகப் போங்கள். வர முடியாது என்று தெரிந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒற்றைப் பார்வையாளர் நிகழ்வில் சொல்லாமல் விட்டால், ஒரு நடிகர் முழு ஒப்பனையோடு காலி நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருப்பார்.

டிக்கெட் பக்கத்தில் படிக்க வேண்டியவை

காட்சிப் படங்களை விட்டுவிட்டுச் சின்ன எழுத்தைப் படியுங்கள். எத்தனை பார்வையாளர், எவ்வளவு நேரம், இடைவேளை உண்டா, நிற்க வேண்டுமா உட்காரலாமா, படிக்கட்டு எத்தனை, முழு இருட்டு வருமா, விட்டுவிட்டு மின்னும் விளக்கு உண்டா, புகை போடுவார்களா, தொடுதல் உண்டா, குடிக்கவோ சாப்பிடவோ ஏதாவது தருவார்களா. இவற்றில் ஏதாவது உங்களைப் பாதிக்கும் என்றால் மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். வாசலில் வந்து சொன்னால் அவர்களால் செய்யக்கூடியது குறைவு. நாலு நாள் முன்னால் சொன்னால் உங்கள் குழுவின் வழியையே மாற்றி வைக்க முடியும்.

கதைச் சுவாரசியம் கெட்டுவிடும் என்று உள்ளடக்க எச்சரிக்கையைப் படிக்காமல் விடுகிறவர்கள் இருக்கிறார்கள். மேடை நாடகத்தில் அது சரி. மூன்று அடி தூரத்தில் ஒருவர் மரணத்தைப் பற்றி உங்களிடமே கேட்கப்போகிறார் என்றால், முன்னமே தெரிந்திருப்பதில் நஷ்டமில்லை.

ஜோடியாகப் போகலாமா? போகலாம். உள்ளே பிரிந்துவிடுங்கள். இரண்டு பேர் சேர்ந்திருந்தால், சங்கடமான ஒவ்வொரு நொடியிலும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். நடிகரிடம் போக வேண்டிய பார்வை அங்கேயே செலவழிந்துவிடும். வடிவமைப்பாளர்கள் வேண்டுமென்றே ஜோடிகளைப் பிரிப்பதும் இதனால்தான். கையை இறுகப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஜோடியைப் பார்த்தால் அனுபவமுள்ள நடிகர் பேசாமல் அடுத்தவரிடம் போய்விடுவார்.

உடம்போடு போவது

சத்தம் போடாத, வழுக்காத செருப்பு அல்லது ஷூ. சிணுங்கும் வளையல், கொலுசு வேண்டாம். சின்ன அறையில் அதுவும் ஒரு வசனமாகிவிடும். வாசனைத் திரவியம் வேண்டாம், நடிகர் உங்கள் முகத்துக்கு ஓர் அடி தூரத்தில் ஒரே மாலையில் பலரிடம் பேச வேண்டியிருக்கும். கையை அசைத்தால் ஒளிரும் கடிகாரத்தைக் கழற்றிப் பையில் வையுங்கள். பாக்கெட் உள்ள உடை நல்லது, சாவி, கடிதம், துண்டுச்சீட்டு என்று ஏதாவது கையில் கொடுப்பார்கள்.

முகமூடி நிகழ்வு என்றால் மூக்குக்கண்ணாடிக்காரர்களுக்குத் தனிப் பாடு. முகமூடிக்குக் கீழே கண்ணாடி மூச்சில் மங்கும், மேலே போட்டால் நழுவும். லென்ஸ் பழக்கம் உள்ளவர்கள் அன்றைக்கு லென்ஸோடு போவதே மேல். இல்லையென்றால் விதி சொல்லும்போதே பணியாளரிடம் கேளுங்கள்.

கண்கட்டு உள்ள நிகழ்வில் தலைசுற்றல் வருவது சகஜம். கண் தரும் தகவல் நின்றுபோய், உட்காதும் கால், தசைகளின் உணர்வும் மட்டுமே சமநிலையைத் தாங்க வேண்டியிருக்கிறது, அதோடு யாரோ திருப்பியும் விடுகிறார்கள். கால்களைத் தோள் அகலத்துக்கு வைத்து நில்லுங்கள். முழங்காலை விறைக்காதீர்கள். சுற்றினால் "உட்காரணும்" என்று சொல்லிவிடுங்கள். என்னைக் கேட்டால், கண்கட்டு பல நிகழ்வுகளில் தேவைக்கு மேல் புழங்கும் ஓர் உத்தி. நல்ல இருட்டே போதும். அது வேறு விவாதம்.

கடைசியாக, கழிப்பறைக்குப் போய்விட்டு உள்ளே நுழையுங்கள். சிரிக்கும் விஷயமல்ல. 66 நிமிட நிகழ்வில் நடுவில் ஒருவரை வெளியே அழைத்துப்போய்த் திரும்பச் சேர்ப்பது மேடை நிர்வாகிக்கு அன்றைய இரவின் மிகக் கடினமான வேலை.

விதி சொல்லும் ஐந்து நிமிடம்

இதைக் கவனமாகக் கேளுங்கள். மூன்று விஷயம் தெளிவாகாவிட்டால் கையை உயர்த்திக் கேட்டுவிடுங்கள்: நிகழ்வை நிறுத்த என்ன சொல், என்ன சைகை; வெளியேறும் கதவு எது; உள்ளே யார் பணியாளர், அவரை எப்படி அடையாளம் காண்பது. பெரும்பாலும் கறுப்பு உடை, அல்லது வேறு நிற முகமூடி.

நிறுத்தும் சைகை நிகழ்வுக்கு நிகழ்வு மாறும். கையிரண்டையும் மார்பில் குறுக்காக வைப்பது ஓரிடத்தில், உள்ளங்கையைக் காட்டுவது இன்னோரிடத்தில். போன தடவை வேறெங்கோ கற்றதை இங்கே பயன்படுத்தினால் நடிகர் அதைக் கதைக்குள் ஒரு பாவனையாகவே எடுத்துக்கொள்ளலாம். நிறுத்தும் சொல் தனியாக இருப்பதற்கும் அதே காரணம்தான். "ஐயோ வேண்டாம்" என்பது கதைக்குள்ளும் வரக்கூடிய வார்த்தை. கதையில் ஒருபோதும் வராத ஒரு சொல் தேவைப்படுகிறது.

மறுப்பதில் இரண்டு படி உண்டு. கதைக்குள்ளிருந்தே மறுப்பது: நடிகர் கை நீட்டுகிறார், நீங்கள் லேசாகத் தலையசைத்து உங்கள் கையை மார்பில் வைத்துக்கொள்கிறீர்கள். அல்லது "நான் இங்கேயே இருக்கேன்" என்கிறீர்கள். பயிற்சி உள்ள நடிகருக்கு அது போதும், கதை உடையாமல் உங்களை விட்டு நகர்ந்துவிடுவார். நிகழ்வையே நிறுத்தி மறுப்பது இரண்டாவது படி. மூச்சு முட்டுகிறது, அழுகை அடங்கவில்லை, அடிபட்டுவிட்டது என்றால் முதல் படியில் மெனக்கெடாமல் நேரே இரண்டாவதுக்குப் போங்கள். நாடகம் கெட்டுவிடுமே என்று தயங்க வேண்டாம். அதற்கான ஏற்பாடு ஒத்திகையிலேயே செய்து வைத்திருப்பார்கள்.

நடிகர் ஏற்றிவிடும் ஏணி

உள்ளே நுழைந்த முதல் பத்து நிமிடம் நீங்கள் நடிகரைப் பார்ப்பதைவிட அவர் உங்களைக் கூர்ந்து பார்க்கிறார். முதலில் வெறும் பார்வை, கண்ணைச் சந்திக்கிறீர்களா, விலக்குகிறீர்களா. அடுத்து சின்ன வேலை: "இந்த விளக்கைக் கொஞ்சம் பிடிங்க." அதற்கடுத்து ஆம், இல்லை என்று முடியும் கேள்வி. பிறகு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி: "மாடிக்கா, கிணத்தடிக்கா?" அதெல்லாம் தாண்டித்தான் உண்மையான கேள்வி வரும்: "யாரை விட்டுட்டு வந்தீங்க?"

ஒவ்வொரு படியிலும் நீங்கள் எவ்வளவு தூரம் வருவீர்கள் என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஒரு நடிகரும் ஒரு பார்வையாளரும் மட்டும் இருக்கும் தனிக்காட்சிக்கு யாரை அழைப்பது என்ற முடிவு பெரும்பாலும் இந்த இடத்தில்தான் விழுகிறது. (ஒத்தைக்கு ஒத்தை என்று எழுதலாம், ஆனால் சண்டைக்குக் கூப்பிடுகிற மாதிரி இருக்கும். தனிக்காட்சி என்றே இருக்கட்டும்.) தனிக்காட்சி வேண்டும் என்று இருப்பவர்கள் முண்டியடித்து முன்னால் நிற்பார்கள். அதில் பலன் குறைவு. விளக்கைக் கொடுத்தபோது அதைச் சரியாகப் பிடித்தவரைத்தான் நடிகர் தேடுவார். தனிக்காட்சி வேண்டாம் என்பவருக்கும் வழி எளிது. ஓரடி பின்னால் நில்லுங்கள், கண்ணைச் சட்டென்று தாழ்த்துங்கள். புரிந்துகொள்வார்கள்.

இதில் தமிழ் நமக்கு ஒரு சலுகை தருகிறது. கதைக்குள் நீங்கள் யார் என்பதை முதல் வாக்கியமே சொல்லிவிடும். "வாங்க" என்றால் விருந்தாளி அல்லது மேலதிகாரி. "வாடா, எவ்வளவு நேரம்" என்றால் பழைய கூட்டாளி. "தம்பி" என்றால் ஒரு தூரம், "சின்னவனே" என்றால் வீட்டுக்குள்ளேயே இழுத்துவிட்டார்கள். நடிகர் எந்த உறவில் உங்களை வைத்தாரோ அதே உறவிலிருந்து பதில் சொன்னால் போதும், பாத்திரம் தானாக வந்துவிடும். அவர் "அக்கா" என்று கூப்பிடும்போது நீங்கள் "மேடம்" என்று பதில் சொன்னால் காட்சி அங்கேயே ஒரு முறை தடுக்கி விழுந்து எழும்.

என்ன பதில் சொல்வது

குட்டையாக, உண்மையாக, கைக்கு அகப்படுகிற மாதிரி. நடிகருக்கு உங்கள் பதிலிலிருந்து தேவைப்படுவது ஒரு கொக்கி: ஒரு பெயர், ஓர் இடம், ஒரு பொருள். "சின்ன வயசுல எதைத் தொலைச்சீங்க?" என்ற கேள்விக்கு "நிம்மதி" என்பது கவிதை மாதிரி இருக்கும், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு அவரால் எங்கேயும் போக முடியாது. "ஒரு பச்சைக் குடை" என்றால் பத்து நிமிடம் கழித்து இன்னொரு நடிகர் கதவருகில் நின்று, "மழை வருமோ?" என்று உங்களைப் பார்த்துக் கேட்க வாய்ப்பிருக்கிறது. நடிகர்கள் காட்சி மாறும் இடைவெளியில் இப்படித் தகவலைக் கடத்துவதுண்டு. கேட்பவருக்குப் புல்லரிக்கும் இடம் அதுதான்.

கெடுப்பவை எவை? முதலாவது, நகைச்சுவை. கூட இருக்கும் இரண்டு பேரைச் சிரிக்க வைத்துவிட்டால், நடிகர் கட்டிவைத்த மௌனத்தைத் திரும்பக் கட்ட நாலு நிமிடம் ஆகும். அவரிடம் நாலு நிமிடம் கிடையாது. அடுத்தது, கதை இட்டுக்கட்டுவது. "நான்தான் கொன்னேன்" என்று நீங்கள் அறிவித்தால், அதை மறுப்பதா ஏற்பதா என்று அவர் திண்டாடுவார். அடுத்த அறையில் கொன்றவர் வேறொருவர் அல்லவா? மூன்றாவது, சொந்தக் கதையை அவிழ்த்துவிடுவது. கேட்டது ஒரு பெயர்தான்.

ஒன்றும் தோன்றவில்லையா, பேசாமல் இருங்கள். நல்ல எழுத்தில் ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று வழியாவது வைத்திருப்பார்கள்: பதில் வந்தால் ஒன்று, மௌனம் வந்தால் ஒன்று, மறுப்பு வந்தால் ஒன்று. மௌனமும் பதில்தான். பதற்றத்தில் எதையாவது சொல்வதைவிட எவ்வளவோ மேல்.

அது உண்மையான கேள்வியா, வசனத்தில் வரும் கேள்வியா என்று எப்படித் தெரியும்? கேட்டபின் அவர் கண் உங்களிடம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பாருங்கள். ஒரு மூச்சுக்குள் பார்வை நகர்ந்தால் அது வசனம். இரண்டு மூச்சுக்கு மேலும் உங்களிடமே நின்றால் பதிலுக்காகக் காத்திருக்கிறார். ஆக, முந்திக்கொள்ளத் தேவையே இல்லை.

ரகசியம் பற்றி ஓர் எச்சரிக்கை. முன்னே சொன்ன ஒன்ட்ரூரென்ட் ஹூட் குழு 2009-ல் எடின்பரோ விழாவில் 'இன்டெர்னல்' என்று ஒன்றை நடத்தியது. 5 நடிகர்கள், 5 பார்வையாளர்கள். ஒவ்வொரு நடிகரும் ஒரு பார்வையாளரோடு தனியாக உட்கார்ந்து அந்தரங்கமாகப் பேசுவார். அதன்பின் எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்து, தனியே சொன்னதைப் பொதுவில் எடுத்துப் பேசுவார்கள். அந்த அதிர்ச்சிதான் நாடகமே. எல்லாக் குழுவும் இப்படிச் செய்வதில்லை. ஆனாலும் ஓர் அளவுகோல் வைத்துக்கொள்ளலாம்: கூட வந்திருக்கும் மற்றவர்கள் காதில் விழுந்தாலும் தாங்கிக்கொள்ள முடிகிற உண்மையை மட்டும் சொல்லுங்கள். மற்றவர்கள் பெயரை, நோயை, கடனைச் சொல்ல வேண்டாம். அவர்கள் டிக்கெட் வாங்கவில்லை.

தொடுதல், பொருட்கள், கதவுகள்

தொடுவதை நீங்கள் தொடங்கக் கூடாது. எந்த நிகழ்விலும், எவ்வளவு நெருக்கம் வந்தாலும். நடிகர் கையை நீட்டி நடுவில் நிறுத்துவார், மீதித் தூரத்தைக் கடப்பது உங்கள் விருப்பம். அவர் உங்கள் கையைப் பிடித்தார் என்பதால் தோளைத் தொடும் அனுமதி கிடைத்துவிடாது. முகமூடி போட்ட பார்வையாளர்களுக்கு இது இன்னும் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம். முகம் தெரியாது என்ற துணிச்சலுக்காகத்தான் முகமூடியே தருகிறார்கள், அதே துணிச்சல் கெட்ட வழிக்கும் போகிறது. 'ஸ்லீப் நோ மோர்' நடிகர்களிடம் பார்வையாளர்கள் அத்துமீறியது 2018-ல் பெரிய செய்தியாகவே வந்தது. பக்கத்தில் ஒருவர் அப்படி நடந்துகொண்டால் பணியாளரைப் போய்ச் சொல்லுங்கள். காட்சியின் நடுவில் நடிகரால் சொல்ல முடியாமல் போகலாம்.

மூடியிருக்கிறது, பூட்டவில்லை என்றால் இழுப்பறையைத் திறக்கலாம், கடிதத்தைப் படிக்கலாம். விதி சொல்லும்போது அனுமதித்திருந்தால் மட்டும். பூட்டியது, டேப் ஒட்டியது, மின்கம்பி தெரிவது எதையும் தொட வேண்டாம். படித்த கடிதத்தை எடுத்த இடத்தில், எடுத்த மாதிரியே வையுங்கள். ஒரே நாளில் இரண்டு மூன்று காட்சி நடத்தும் குழுவுக்கு நடுவில் கிடைக்கும் நேரம் அரை மணி போலத்தான். அதற்குள் ஒவ்வொரு பொருளும், முன்பே எடுத்துவைத்த புகைப்படத்தில் உள்ள இடத்துக்குத் திரும்ப வேண்டும். கடிதம் மூன்றாவது இழுப்பறையிலிருந்து அலமாரிக்குப் போய்விட்டால், அடுத்த காட்சியில் நடிகை இழுப்பறையைத் திறந்து வெறும் பலகையைப் பார்த்து அழ வேண்டியிருக்கும்.

நடிகரைப் பின்தொடரும்போது இரண்டு கை நீளம் இடைவெளி. வாசற்படியில் நிற்காதீர்கள். நடிகர்கள் வேகமாக நுழைவதும் வெளியேறுவதும் அங்கேதான், மோதலும் அங்கேதான். படிக்கட்டில் சுவர் ஓரம். அவர் ஓடினால் நீங்கள் ஓடாதீர்கள். அந்த இருட்டில் எந்தப் படி உயரம் குறைவு என்று அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. தவறவிட்டால் நஷ்டமில்லை. நின்ற இடத்தில் காதைக் கொடுங்கள். எங்கேயாவது நாற்காலி நகரும்.

கதை சுற்றிச் சுற்றி வரும் நிகழ்வில், முதல் சுற்றில் ஒரே ஆளை விடாமல் பின்தொடருங்கள். பாதியில் ஆளை மாற்றிக்கொண்டே இருந்தால் எல்லாக் கதையிலும் நடுப்பக்கம் மட்டும்தான் மிஞ்சும். இரண்டாவது சுற்றில் கூட்டம் போகாத ஆளைப் பிடியுங்கள். வேலைக்காரி, எழுத்தர், கதவு திறப்பவர். அவர்களைச் சுற்றி ஆள் குறைவு, அவர்கள் கண் உங்கள் மீது விழும் வாய்ப்பு அதிகம்.

கெடுவது எங்கே

புதிர் விடுவிக்க வந்தவர்கள் ஒரு பக்கம். பூட்டிய அறையிலிருந்து புதிர் விடுவித்து வெளியேறும் எஸ்கேப் ரூம் விளையாட்டுப் பழக்கத்தில் எல்லா எண்ணையும் குறித்துக்கொள்வார்கள், படத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்ப்பார்கள். நடிகர் அழுதுகொண்டிருக்கும்போது அவர் காலடியில் கிடக்கும் பெட்டியைக் குடைவார்கள். விடுவிக்க வேண்டிய புதிர் இருந்தால் நிகழ்வே சொல்லும். சொல்லவில்லையென்றால் இல்லை.

நாடகப் பயிற்சி உள்ள பார்வையாளர்கள் இன்னொரு பக்கம். இவர்களைச் சமாளிப்பதுதான் நடிகர்களுக்கு உண்மையிலேயே கஷ்டம். குரலை ஏற்றிப் பேசுவார்கள், பாத்திரத்துக்குப் பின்கதை வைத்திருப்பார்கள். மற்ற இரண்டு பேர் மெல்ல மெல்லச் சுவரோரம் ஒதுங்கி, இவருடைய நாடகத்தின் பார்வையாளர்களாகிவிடுவார்கள். நடிகர் அவரிடம் ஒரு பொருளைக் கொடுத்து, "இதைக் கீழே வைக்காதீங்க, பேசாதீங்க" என்று சொன்னால் அது கௌரவமல்ல, பிரேக்.

குடித்துவிட்டு வருபவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. வரவேண்டாம்.

உறைந்துபோவது தவறே அல்ல. உடம்பு இறுகி, பேச்சு வராமல் நிற்பது பலருக்கும் நடக்கும். மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள். கையில் கொடுத்த பொருளின் எடையைக் கவனியுங்கள். நடிகர் பார்த்துவிட்டு உங்களுக்கு ஏதாவது வேலை கொடுப்பார், "அந்த ஜன்னலைச் சாத்துங்க" என்பது மாதிரி. செய்யுங்கள். உடம்பு நகர்ந்தால் குரலும் திரும்பிவிடும்.

ஹெட்ஃபோன் நின்றுபோனால் கதையின் பகுதி என்று நினைத்துக்கொண்டு நெடுநேரம் நிற்பவர்கள் உண்டு. திட்டமிட்ட மௌனத்தில் பெரும்பாலும் பின்னணியில் லேசான இரைச்சலாவது இருக்கும். முழுச் செவிட்டு அமைதி என்றால் இணைப்பு போய்விட்டது. அரை நிமிடம் பாருங்கள், பிறகு கையை உயர்த்துங்கள்.

முடிந்ததா இல்லையா

திரை விழாது, விளக்கு போடமாட்டார்கள். பல நிகழ்வுகளில் நடிகர்கள் கைதட்டல் வாங்கக்கூட வருவதில்லை. ஒரு கதவு திறந்திருக்கும், அந்தப் பக்கம் உங்கள் பையும் உறையிலிட்ட போனும் இருக்கும், அவ்வளவுதான். கைதட்டலாமா என்று குழம்ப வேண்டாம். யாரும் வணங்க வரிசையில் நிற்கவில்லையென்றால் தட்டத் தேவையில்லை.

உடனே போனை எடுக்காமல் பத்துப் பதினைந்து நிமிடம் உட்காருங்கள், இடம் கொடுத்திருப்பார்கள். கூட வந்தவர் வேறு அறைகளைப் பார்த்திருப்பார். அவர் பார்த்ததைக் கேட்பதற்குள் நீங்கள் பார்த்ததை நாலு வரியில் எழுதி வைத்துவிடுங்கள். இல்லையென்றால் இரண்டும் கலந்துவிடும். சமூக ஊடகத்தில் எழுதும்போது தனிக்காட்சியில் நடந்ததை விட்டுவிடுங்கள், அடுத்து வருபவருக்கு அது ஒருமுறைதான் கிடைக்கும்.

தனிக்காட்சியில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவர் வாசலில் சாதாரண உடையில் கடந்து போகலாம். புன்னகை போதும், "அருமை" என்று ஒரு சொல் போதும். அறைக்குள் இருந்த நெருக்கம் பாத்திரத்துக்குச் சொந்தமானது. அதைத் தொடர அவருக்கு எந்தக் கடமையும் இல்லை. உள்ளே ஏதாவது உங்களைக் காயப்படுத்தியிருந்தால் அன்றே வரவேற்பில் சொல்லிவிடுங்கள். அடுத்த நாள் விமர்சனமாக எழுதுவதைவிட அன்றிரவே மேடை நிர்வாகியின் குறிப்பேட்டில் ஏறுவது பயனுள்ளது, நாளைய காட்சிக்கு முன்பே அதைத் திருத்த முடியும்.

பாக்கெட்டில் சாவி இருக்கிறதா என்று பாருங்கள். "இதை வச்சுக்கோ, யார்கிட்டயும் குடுக்காதே" என்று அவர் சொன்னது பாத்திரமாகவா, நிஜமாகவா என்று உங்களுக்குத் தெரியாது. வெளியே நிற்கும் பணியாளரிடம் காட்டிக் கேளுங்கள். சில நிகழ்வுகளில் அது உங்களுக்கேதான். சிலவற்றில் அது 12 சாவிகளில் ஒன்று, அரை மணியில் அடுத்த காட்சி தொடங்குவதற்குள் திரும்பி ஆணியில் தொங்க வேண்டியது.